எட்டாவது தாழ்வாரம்: பேய்க்கதை எழுதிப் பார்த்த ஐந்து மாதங்கள்

பேய் உலவுவதாகச் சொல்லப்படும் உலகக் கட்டடங்களை வைத்துச் சிறுகதைகள் எழுத ஆரம்பித்து ஐந்து மாதம் ஆகிறது. பத்துக் கதை எழுதுவதாகத் திட்டம். இதுவரை இரண்டு தேறியிருக்கின்றன. ஒன்று கிடப்பில் கிடக்கிறது. நான்காவது பாதியில் நிற்கிறது.

கிடப்பில் இருப்பது லண்டன் கோபுரம். 1536-இல் அங்கே தலை வெட்டப்பட்ட அரசி ஆன் போலினை வைத்து எழுதினேன். இரண்டு வாரம் கழித்து எடுத்துப் படித்தால் நிலா, மூடுபனி, வெள்ளை உடை, அவ்வளவுதான். கோபுரத்தின் பெயரை அடித்துவிட்டு வேறு எந்தக் கோட்டையின் பெயரைப் போட்டாலும் கதை அப்படியே பொருந்தியது.

அப்புறம் வழியை மாற்றினேன். பேயை விட்டுவிட்டு முதலில் தரை, படி, கதவு என்று கட்டடத்தைப் படித்தேன்.

அப்படிக் கிடைத்ததுதான் ஜப்பானின் கியோட்டோ நகரில் உள்ள நிஜோ கோட்டை. 1603-இல் அந்நாட்டின் ராணுவ ஆட்சியாளர் (ஷோகன்) தொகுகாவா இயேயாசு கட்டி முடித்தது. அங்குள்ள நினோமாரு அரண்மனைத் தாழ்வாரத்தில் நடந்தால் மரத்தரை குருவி போலக் கீச்சிடும். பலகை அழுந்தும்போது அடியில் இருக்கும் இரும்புப் பட்டைகளும் ஆணிகளும் உரசுவதால் வரும் ஓசை அது. முதல் வரைவில் பேய் நடந்தது, தரை கீச்சிட்டது. அதில் என்ன பயம் இருக்கிறது? மனிதர் நடந்தாலும் கீச்சிடத்தானே செய்யும்! ஒரு வாரம் அந்த ஒரு பத்தியோடு மல்லுக்கட்டிய பிறகுதான் வழி தெரிந்தது. இரவுக் காவலன் உட்கார்ந்திருக்கிறான். தாழ்வாரத்தின் கோடியிலிருந்து ஒரு விளக்கு அவனை நோக்கி வருகிறது. இப்போது கதையில் இருப்பது இதுதான்: "விளக்கு பக்கத்தில் வந்துவிட்டது. தரை வாய் திறக்கவில்லை."

அடுத்தது கலிபோர்னியாவின் சான் ஹோசேயில் உள்ள வின்செஸ்டர் மாளிகை. துப்பாக்கி நிறுவனக் குடும்பத்து விதவையான சாரா வின்செஸ்டர் 1886-இல் வாங்கிய பண்ணை வீட்டை 1922-இல் இறக்கும் வரை நீட்டிக்கொண்டே போனார். ஏறத்தாழ 160 அறைகள். கூரையில் முட்டி நிற்கும் படிக்கட்டைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். என்னைப் பிடித்துக்கொண்டது இன்னொரு படிக்கட்டு. 44 படிகள், ஒவ்வொன்றும் 2 அங்குல உயரம்தான். மூட்டுவலியால் காலைத் தூக்கி வைக்க முடியாத சாரா ஏறுவதற்காக அப்படி அமைத்தது. இதைப் படித்தபின் அவரைப் பேயாக்க மனம் வரவில்லை. கதையில் ஒரு தச்சன் இரவில் அந்த மெதுவான காலடியை எண்ணுகிறான். நாற்பத்து நான்கு வரை வருகிறது. மேல்தளத்தில் கால் வைக்கும் சத்தம் மட்டும் வரவே இல்லை. பயமுறுத்த உட்கார்ந்த எனக்குத் தொண்டை அடைத்தது. மூன்றிலும் எனக்குப் பிடித்தது இதுதான்.

இப்போது கையில் இருப்பது பிலடெல்பியாவின் கிழக்கு மாநிலச் சிறை. 1829 முதல் 1971 வரை இயங்கியது. தொடக்க காலத்தில் கைதிகள் ஒவ்வொருவரும் தனி அறையில், வெளிச்சத்துக்குக் கூரையில் ஒரு திறப்பு. வெளியே அழைத்துப் போகும்போது தலையை முழுக்க மூடும் துணி உறையை மாட்டிவிடுவார்கள். யாரையும் பார்க்கக் கூடாது, வழியும் தெரியக் கூடாது. ஆக, கதை முழுவதையும் அந்த உறைக்குள்ளிருந்து, காதையும் காலையும் மட்டும் நம்பி எழுத வேண்டும். வர்ணிக்க ஒரு சுவர்கூடக் கிடையாது. கஷ்டமாகத்தான் இருக்கிறது, ஆனால் விட மனமில்லை.

முதலில் கட்டியபோது நடுக்கூடத்திலிருந்து சக்கரத்தின் ஆரக்கால்கள் போல ஏழு தாழ்வாரங்கள் பிரிந்தன. என் கைதி திருப்பங்களை எண்ணிப் பழகியவன். நேற்று இரவு அவனை எட்டாவது ஒன்றில் திருப்பிவிட்டேன். எழுதி நிறுத்திய இடம்:

"முழங்கையைப் பற்றியிருந்த கை விடவில்லை. ஆனால் கேட்ட காலடி ஒருவனுடையது மட்டும்தான்."