வானவில் நிற வெள்ளிக் காசு

வண்ணம் ஏறிய வெள்ளி நாணயப் படத்தைப் போட்டு "இயற்கையா, ஏத்தினதா?" என்று கேட்டால் நான் முதலில் பார்ப்பது நிறங்களின் வரிசையை.

கந்தகம் பட்டு வெள்ளியின் மேல் மெல்லிய சல்பைடு படலம் படிகிறது. அது தடிக்கத் தடிக்க நிறம் மாறும்: இளமஞ்சள், செம்மை, ஊதா, நீலம், ரொம்ப முற்றினால் கறுப்பு. ஆல்பத்தில் பல வருடம் கிடந்த காசில் பெரும்பாலும் விளிம்பில் நீலம், உள்ளே வரவர ஊதா, மஞ்சள், நடுவே வெறும் வெள்ளி. இடையில் வர வேண்டிய செம்மையும் ஊதாவும் இல்லாமல் மஞ்சளும் நீலமும் திட்டுத் திட்டாக ஒட்டி நின்றால் எனக்குச் சந்தேகம்தான்.

அமெரிக்க மார்கன் டாலர்கள் (1878 முதல் அச்சானவை) ஆயிரம் ஆயிரமாகத் துணிப்பையில் கிடந்தவை. பை நெசவின் தடம், பக்கத்துக் காசு மறைத்த பிறை வடிவ எல்லை, இதையெல்லாம் போலியாகக் கொண்டுவருவது லேசில்லை.

சாய்த்தும் பாருங்க. அச்சடித்தபோது வந்த பளபளப்பு நிறத்துக்கு அடியில் சக்கரமாகச் சுழல வேண்டும். தேய்த்துக் கழுவிய மயிரிழைக் கீறல்கள் மேல் பளிச்சென்று நிறம் இருந்தால் நான் தொடமாட்டேன்.

சிக்கல் என்னன்னா, கந்தகப் புகை காட்டி ஒரே நாளில் ஏற்றினாலும் வேதியியல் அதேதான். அதனால் நிபுணர்களே முட்டிக்கொள்வார்கள். காசுகளைச் சோதித்துத் தரம் சொல்லும் அமெரிக்க நிறுவனமான பிசிஜிஎஸ்ஸின் தரநிர்ணயத்தில் சந்தேக நிறத்துக்கென்றே 91 என்று தனிக் குறியீடு உண்டு.

இன்பாக்ஸில் அனுப்புறவங்க, ஃபில்டர் போடாம, சாய்த்து எடுத்த வீடியோவா அனுப்புங்க.