ஆறு நாள் கூலியும் ஒரு வால் கோப்பும்

கம்பத்திலிருந்து கம்பம்மெட்டு வழியாக மலையேறினால், கேரளப் பக்கத்தில் வண்டன்மேட்டுக்கு அருகில் ஓர் ஏலக்காய்த் தோட்டம் இருக்கிறது. அதன் கணக்கைப் பல ஆண்டுகளாக நான் பார்த்து வருகிறேன். காலையில் ஜீப்பில் வரும் 34 பேரின் வருகை, அவர்கள் எடுத்த பச்சைக் காயின் எடை, நாள் கூலி, கழிக்க வேண்டிய முன்பணம் ஆகிய அனைத்தும் அலுவலகக் கணினியில் உள்ள ஒரு சிறிய கணக்குச் செயலியில் பதிவாகின்றன. மழைக்காலத்தில் மலையில் இணைய இணைப்பு நிலையாக இருக்காது என்பதால், தரவு முழுவதையும் கணினியிலேயே வைத்துக்கொள்ளும் செயலியைத் தேர்ந்தெடுத்தோம். ஆகவே அந்தத் தரவைக் காப்பது முழுக்க என் பொறுப்பாயிற்று.

மலையில் துலாவர்ஷம் என்றும் கம்பத்தில் ஐப்பசி மழை என்றும் சொல்லப்படும் காலத்தில், ஒரு பிற்பகல் விழுந்த இடியில் கணினியும் அதன் ஹார்டு டிஸ்க்கும் எரிந்துபோயின. நான் கலங்கவில்லை, ஒவ்வொரு மாலையும் தரவுக் கோப்பைப் பென் டிரைவில் நகலெடுத்து, அதைக் கழற்றி மேசை இழுப்பறையில் வைத்துவிடுவது என் வழக்கம். வேறொரு கணினியில் செயலியை நிறுவி, அந்தக் கோப்பை உரிய இடத்தில் வைத்தேன். செயலி எந்தப் பிழையும் காட்டாமல் திறந்தது. சனிக்கிழமை கூலிப் பட்டியலை எடுத்தபோதுதான், இடி விழுந்த நாளுக்கு முந்தைய ஆறு நாள் பதிவுகள் யாருடைய பெயரிலும் இல்லை என்பது தெரிந்தது. வரிசையில் முதலில் நின்ற அக்கா, "தம்பி, ஆறு நாளும் நான் ஜீப்புல வந்தேன்ல, அது எங்க போச்சு?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு என்னிடம் அப்போது பதில் இல்லை.

பதிலைத் தேடிப் படித்து அறிய இரண்டு இரவுகள் ஆயின. அந்தச் செயலியின் தரவு எஸ்கியூலைட் என்னும் தரவுத்தளத்தில் இருக்கிறது. ரிச்சர்ட் ஹிப் என்பவர் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட இது, இன்று நம் கைப்பேசிகளில் உள்ள எத்தனையோ செயலிகளுக்குள் இருக்கிறது. இதில் ஒரு முறை உண்டு: புதிய பதிவு நேராக முதன்மைக் கோப்புக்குப் போகாமல், முதலில் பக்கத்தில் உள்ள இன்னொரு கோப்பில் எழுதப்படும். அந்தக் கோப்பின் பெயர் 'வால்' என்ற மூன்று ஆங்கில எழுத்துகளில் முடியும். தமிழில் வாசித்தாலும் அது முதன்மைக் கோப்பின் வாலாகவே இருப்பதால், பெயர் எனக்கு மறப்பதில்லை. இயல்பான அமைப்பில், வால் கோப்பில் ஏறத்தாழ 1,000 பக்கங்கள் சேர்ந்த பிறகு, அல்லது செயலி முறையாக மூடப்படும்போது, அதில் உள்ளவை முதன்மைக் கோப்பில் சேர்க்கப்படும். பக்கம் என்பது தரவுத்தளம் தரவைப் பிரித்து எழுதும் ஒரு துண்டு; அது பொதுவாக 4,096 பைட்.

எங்கள் அலுவலகத்தில் யூபிஎஸ் இருந்ததால் கணினியை நாங்கள் அணைப்பதே இல்லை. செயலியும் நாள்கணக்கில் திறந்தே கிடந்தது. நாளொன்றுக்கு 34 பதிவு என்றால் ஆறு நாளில் 204 பதிவுகள். ஒரு பதிவுக்கு மூன்று நான்கு பக்கம் எழுதப்பட்டாலும் 1,000 நிறையாது. அத்தனை பதிவுகளும் வாலிலேயே தங்கியிருந்தன. நான் மாலைதோறும் வாலை விட்டுவிட்டு உடலை மட்டும் நகலெடுத்துக்கொண்டிருந்தேன். என்னை மிகவும் உலுக்கிய செய்தி இதுவல்ல. வால் இல்லாத அந்தக் கோப்பு எந்தச் சோதனையிலும் குறை காட்டாது. எஸ்கியூலைட்டின் முழுமைச் சோதனையை ஓட்டினேன், 'ஓகே' என்றது. கோப்பு கெட்டுப்போகவில்லை, பழையதாக இருந்தது, அவ்வளவுதான். கோப்பு திறக்கிறது என்பதை வைத்து நகல் சரியாக இருக்கிறது என்று நம்புகிறவர்கள் தயவுசெய்து இதைக் கவனிக்க வேண்டும்.

காய் நிறுக்கும் இடத்தில் மேற்பார்வையாளர் எழுதிவந்த நோட்டுப் புத்தகம் எங்களைக் காப்பாற்றியது. ஆறு நாள் எடைகளையும் மறுபடி பதிந்தோம். பதிந்தது சரிதானா என்பதை உலர்த்தும் ஸ்டோரின் பேரேட்டோடு ஒப்பிட்டேன். ஒரு கிலோ உலர்ந்த காய்க்குச் சுமார் 5 கிலோ பச்சைக் காய் வேண்டும் என்பதால், ஒவ்வொரு நாளின் உலர்ந்த எடையும் பச்சை எடையும் அந்த விகிதத்துக்கு அருகில் நின்றால் பெரிய விடுதல் இல்லை என்று கொள்ளலாம். திங்கட்கிழமை எல்லோருக்கும் கூலி முழுமையாகச் சேர்ந்தது.

இப்போது கோப்பைக் கையால் நகலெடுப்பதில்லை. செயலியிலேயே உள்ள காப்புப் பிரதி வசதியைப் பயன்படுத்துகிறேன்; அது வாலில் உள்ளதையும் சேர்த்து ஒரே கோப்பாகத் தருகிறது. அந்த வசதி இல்லாத செயலியாக இருந்தால், அதை முறையாக மூடிய பிறகே நகலெடுக்க வேண்டும். கட்டளை எழுதத் தெரிந்தவர்களுக்கு, 2019-இல் வந்த 'வேக்யூம் இன்ட்டு' என்ற கட்டளை, செயலி திறந்திருக்கும்போதே ஒழுங்கான நகலைத் தரும். ஒரு பிரதி மலையில், ஒன்று கம்பத்தில் என் வீட்டில். வெள்ளிக்கிழமை மாலை வீட்டு மடிக்கணினியில் அந்தப் பிரதியை மீட்டு, கடைசிப் பதிவின் தேதி, அந்த வாரத்தின் பதிவு எண்ணிக்கை, மொத்தக் கிலோ ஆகிய மூன்றையும் நோட்டோடு ஒப்பிடுகிறேன். பத்து நிமிட வேலை.

புதிய கணினிக்கு மாறியபோது 2009 முதல் உள்ள பழைய தொழிலாளர் பட்டியலையும் கொண்டுவர முயன்றேன். அது பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டது. 'அம்மா' என்பது அதில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஆங்கிலக் குறிகளாகவே சேமிக்கப்பட்டிருக்கும். எழுத்துரு இருந்தால்தான் தமிழாகத் தெரியும். மாற்றி மென்பொருளால் பெரும்பகுதி ஒருங்குறிக்கு, அதாவது எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான யூனிகோடுக்கு, வந்துவிட்டது. மலையாளப் பெயர்களில் வேறு சிக்கல். உயிரொலி சேராத சில மெய்களுக்கு மலையாளத்தில் உள்ள தனி வடிவங்களான சில்லெழுத்துகளுக்கு 2008-இல் ஒருங்குறி 5.1 தனிக் குறியீடு தந்தது. அதற்கு முன் அவை வேறு விதமாக எழுதப்பட்டன; எங்கள் பட்டியலில் இரண்டு முறையும் கலந்திருந்தன. கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் பெயர் தேடலில் இரண்டு ஆட்களாகிவிடும். இடையில் எக்செல்லில் திறந்தபோது 15 இலக்கத்துக்கு மேற்பட்ட வங்கிக் கணக்கு எண்களின் கடைசி இலக்கங்கள் பூஜ்யமாக மாறின. அந்தக் கோப்பை நீக்கிவிட்டு, அந்த எண்கள் உள்ள நெடுவரிசையை எழுத்து வடிவம் என்று முன்கூட்டியே குறித்து மறுபடி இறக்கினேன். பழைய மூலக் கோப்பில் மட்டும் எந்த மாற்றமும் செய்யாமல் தனியாக வைத்திருக்கிறேன்.

இன்னும் 11 பெயர்கள் எப்படி மாற்றினாலும் சரியாக வரவில்லை. அவர்களில் ஏழு பேர் இன்றும் வேலைக்கு வருகிறார்கள். காலையில் ஜீப் வந்து நிற்கும்போது ஒவ்வொருவரிடமாகக் கேட்டு, அவர்கள் சொல்லும்படியே எழுதிக்கொண்டு வருகிறேன்.