மூக்கை நிமிர்த்திய கதை

ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட். ஒரே கேட்சுக்கு நானும் நண்பனும் ஓடியதில் பந்து தரையில் விழுந்தது, அவன் முழங்கை என் மூக்கில் இறங்கியது. சட்டையெல்லாம் ரத்தம். மூக்கு வலப்பக்கம் ஒதுங்கிவிட்டது.

அன்று ராத்திரியே காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போனேன். டார்ச் அடித்து முதலில் மூக்கின் நடுச்சுவரைத்தான் பார்த்தார். அங்கே ரத்தம் கட்டியிருந்தால் உடனே கீறி எடுத்தாக வேண்டுமாம். விட்டால் குருத்தெலும்பு அழிந்து மூக்கு நடுவில் அமுங்கிவிடும். நல்லவேளை, கட்டவில்லை. "ஐஸ் வைங்க, தலைய உயர்த்திப் படுங்க. வீக்கம் வத்தட்டும், அஞ்சு நாள் கழிச்சு வாங்க" என்று அனுப்பிவிட்டார். எக்ஸ்ரேகூட எடுக்கவில்லை.

வீட்டில் ஒரே சத்தம். சித்தப்பா புத்தூர் கட்டுக்கே கிளம்பிவிட்டார். எனக்கும் உள்ளூரக் கோபம்தான். வீக்கத்தோடு பிடித்தால் எலும்பு எங்கே கோணியிருக்கிறது என்று கைக்குத் தெரியாது, இரண்டு வாரம் தாண்டினால் கோணலாகவே கூடிவிடும், அப்புறம் கத்திதான் என்பதெல்லாம் பிறகுதான் தெரிந்தது.

ஆறாம் நாள் போனதும், "பழைய போட்டோ இருக்கா?" என்றார். கல்யாண போட்டோவைக் காட்டினேன். பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "முன்னாடியே லேசா இடப்பக்கம் சாய்வு இருக்கே" என்றார். முப்பத்திரண்டு வருஷமாக எனக்குத் தெரியாத சங்கதி.

மரத்துப்போகும் மருந்தில் நனைத்த பஞ்சை இரண்டு துவாரத்திலும் திணித்தார்கள். தொண்டையில் ஒரு கசப்பு இறங்கியது; கொஞ்ச நேரத்தில் மேல்வரிசைப் பல்லே என்னுடையதில்லை போலிருந்தது. பிறகு மூக்குத்தண்டின் இருபுறமும் ஊசி. கண்ணீர் கொட்டியது அதற்குத்தான். தட்டையான கம்பி ஒன்றை உள்ளே விட்டு எலும்பைத் தூக்கி, வெளியே கட்டைவிரலால் தள்ளினார். நறுக்! மண்டைக்குள் யாரோ முருங்கைக்காய் ஒடித்த மாதிரி. கீறல் இல்லை, தையல் இல்லை, கால் மணி நேரத்தில் முடிந்தது.

மறுநாள் உள்ளே வைத்த துணித்திரியை உருவினார்கள் பாருங்கள், அதுதான் கொடுமை. உருவ உருவ வந்துகொண்டே இருந்தது. மேலே போட்ட பிளாஸ்டர் ஒரு வாரம். மூக்கு சிந்தக்கூடாது, தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும், ஆறு வாரத்துக்கு விளையாட்டு கிடையாது. மூக்குக் கண்ணாடியை நெற்றியில் டேப் போட்டு ஒட்டிக்கொண்டு ஆபீஸ் போனேன்.

பிளாஸ்டர் பிரித்த அன்று அம்மா உற்றுப் பார்த்து, "என்னடா, இடப்பக்கம் சாஞ்சிருக்கே!" என்றார். போனை எடுத்து கல்யாண போட்டோவை நீட்டினேன்.