பெர்க் ஹெச்310 கார்டும் 2 மில்லிமீட்டர் டேப்பும்

பழைய டெஸ்க்டாப் ஒருவழியாக பூட் ஆகிவிட்டது. டெல்லின் பெர்க் ஹெச்310 ரெய்டு கார்டு (பல டிஸ்க்குகளை இணைக்கும் சர்வர் கார்டு) ஸ்லாட்டில் இருக்கும்போதே திரை வந்தது, 32 ஜிபி ராமும் முழுசாகத் தெரிந்தது, விர்ச்சுவல் மெஷின்களை ஓட்டும் ப்ராக்ஸ்மாக்ஸும் ஏறி நிற்கிறது.

மதர்போர்டு பழைய இன்டெல் பி85, சிபியு ஐ7 4770. இந்தத் தலைமுறையில் 4770கே வாங்கினால் விடி-டி (கார்டை நேராக விர்ச்சுவல் மெஷினிடம் ஒப்படைக்கும் வசதி) கிடையாது. கே இல்லாததில்தான் உண்டு. போர்டு பக்கமும் எல்லா பி85லும் விடி-டி இருக்கும் என்று நம்ப முடியாது. இதில் இருக்கிறது. ஆனால் விர்ச்சுவல் மெஷின் ஓட்டவே தேவையான விடி-எக்ஸை பயாஸின் சிபியு மெனுவில் வைத்துவிட்டு, விடி-டியை சிஸ்டம் ஏஜென்ட் மெனுவுக்குள் ஏன் ஒளித்தார்களோ தெரியவில்லை.

சிக்கல் இதுதான்: கார்டைச் செருகினால் ஃபேன் சுற்றும், திரை கறுப்பு. எடுத்தால் எல்லாம் சரி. சிமாஸ் கிளியர், பயாஸ் அப்டேட், வேறு பவர் சப்ளை, எதற்கும் அசையவில்லை. காரணம் எஸ்எம்பஸ் என்ற இரண்டு கம்பி இணைப்பு. டெஸ்க்டாப் போர்டு ராமின் விவரங்களைப் படிப்பது அதன் வழியாகத்தான். சர்வருக்கென்று செய்த இந்தக் கார்டும் அதே கம்பியில் பேச வருகிறது. ராம் என்னவென்றே தெரியாமல் போர்டு நின்றுவிடுகிறது. வழி, கார்டின் பி5, பி6 பின்களை டேப் ஒட்டி மறைப்பது.

சொல்ல ஒரு வரி. செய்யத்தான் பொறுமை வேண்டும். பின்னுக்குப் பின் இடைவெளி 1 மில்லிமீட்டர். ஆக டேப் அகலம் 2 மில்லிமீட்டர், அதற்கு மேல் போகக்கூடாது. சிப் இருக்கும் பக்கம்தான் பி பக்கம். பிராக்கெட் முனையிலிருந்து எண்ண வேண்டும். முதல் மூன்றும் 12 வோல்ட், நான்காவது கிரவுண்ட், அடுத்த இரண்டும் நமக்கு வேண்டியவை. செல்லோடேப் சரிவராது, ஸ்லாட்டுக்குள் அழுத்தும்போது சுருண்டு மேலேறிவிடும், பசை பின்னில் தங்கும். மெல்லிய காப்டன் டேப்தான் (மோட்டார் ரீவைண்டிங்கில் போடும், சூடு தாங்கும் டேப்) வேண்டும்.

அதை ஆன்லைனில் தேடுவானேன்? கோயம்புத்தூரில் மோட்டார் ரீவைண்டிங் கடை இல்லாத தெரு எங்கே இருக்கிறது? கணபதியில் ஒரு கடையில் கேட்டேன். “ஏனுங்க தம்பி, எத்தனை ஹெச்பி மோட்டாரு?” என்றார் கடைக்காரர். கம்ப்யூட்டருக்குங்க என்றதும் ஒரு மாதிரி பார்த்துவிட்டு, ஒரு முழம் கிழித்துச் சும்மாவே கொடுத்தார். அது இன்னும் பத்து கார்டுக்கு வரும்.

கண்ணாடித் துண்டின் மேல் ஒட்டி, புது பிளேடால் ஸ்கேல் வைத்து அறுத்தால் ஓரம் பிசிறாது. பி பக்கம் ஒட்டி, விளிம்பில் மடித்து மறுபக்கத்துக்கும் இழுத்துவிட்டேன். அங்கே இருக்கும் ஏ5, ஏ6 இரண்டும் ஜேடேக் (சோதனைக்கான) பின்கள், டெஸ்க்டாப்பில் அவற்றுக்கு வேலையில்லை. மடித்திருப்பதால் செருகும்போது டேப் உரிவதில்லை. பின்களை முதலில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்துவிடுங்கள்.

சரி, பூட் ஆனது. உடனே நெட்வொர்க் போய்விட்டது. ஸ்லாட் நிரம்பியதும் பிசிஐ பஸ் எண்கள் ஒன்று தள்ளிவிட்டன; லேன் போர்ட்டின் பெயரில் இருந்த 2 இப்போது 3. ப்ராக்ஸ்மாக்ஸின் நெட்வொர்க் பிரிட்ஜ் இன்னும் பழைய பெயரையே தேடிக்கொண்டிருந்தது. மானிட்டரை மாட்டி இன்டர்ஃபேசஸ் ஃபைலில் அந்த ஒரு எண்ணை மாற்றியதும் வெப் பக்கம் திறந்தது. மேக் முகவரியை வைத்துப் பெயரை நிரந்தரமாக்கிவிட்டால் இந்தத் தொல்லை மறுபடி வராது, அதையும் செய்தாயிற்று.

ஐஓஎம்எம்யு குழுவில் (ஒரே விர்ச்சுவல் மெஷினிடம் சேர்த்துத்தான் ஒப்படைக்க முடிகிற சாதனங்களின் கூட்டம்) நல்ல செய்தி. பெரிய ஸ்லாட் நேராக சிபியுவில் சேர்வதால் அந்தக் குழுவில் ரூட் போர்ட்டும் இந்தக் கார்டும் மட்டுமே இருக்கின்றன. குழுவைப் பிரிக்கும் ஏசிஎஸ் ஓவர்ரைடு தேவைப்படவில்லை. திரைக்கு சிபியுவின் சொந்த கிராஃபிக்ஸ் இருக்கிறது, பெரிய ஸ்லாட்டை கார்டுக்கே விட்டுவிடலாம்.

டிஸ்க் இன்னும் மாட்டவில்லை. கேபிள் விற்றவர் ரிவர்ஸ் பிரேக்அவுட் அனுப்பிவிட்டார். பார்க்க இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். கார்டிலிருந்து நான்கு சாட்டா டிஸ்க்குக்குப் போக ஃபார்வர்டு வேண்டும். திருப்பி அனுப்ப கூரியர் செலவு நம் தலையில்! சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போகிற நண்பரிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

ஐடி மோடு ஃபர்ம்வேரும் (ரெய்டு இல்லாமல் டிஸ்க்குகளை நேராகக் காட்டுவது) பாக்கி. கார்டோடு வந்ததில் க்யூ டெப்த் (ஒரே நேரத்தில் வரிசையில் நிற்கும் கட்டளைகள்) 25தான், மாற்றினால் 600. டாஸில் ஓட்டினால் பிஏஎல் எரர் வருகிறது, இஎஃப்ஐ ஷெல்லில்தான் செய்ய வேண்டும். பழைய ஃபர்ம்வேரை அழிப்பதற்கு முன் தேவைப்படும் என்று, ஸ்டிக்கரில் உள்ள சாஸ் முகவரியை (கார்டின் தனி அடையாள எண்) குறித்துக்கொண்டேன். அதற்கும் முன்னால் ஹீட்சிங்க் மேல் ஒரு 40 எம்எம் ஃபேன். சர்வர் காற்றுக்குச் செய்த சிப், டெஸ்க்டாப் பெட்டிக்குள் விரல் வைக்க முடியாத அளவு சுடுகிறது. ஃபேனை ஹீட்சிங்க் துடுப்புகளுக்கு நடுவே ஸ்க்ரூ போட்டு நிறுத்துவதா, ஜிப் டை போடுவதா என்பது இன்னும் முடிவாகவில்லை.