பிள்ளை நிறம் வந்திருக்கு

"பாருங்க நர்ஸம்மா, பிறக்கும்போது அவங்க அப்பன் மாதிரி கருகருன்னு இருந்தான். இப்ப எப்படி நிறம் வந்திருக்கு!"

தர்மபுரி மாவட்டத்துக் கிராமம் ஒன்றில், திண்ணையில் உட்கார்ந்து 14 மாதப் பேரனை மடியில் வைத்துக்கொண்டு அந்த ஆயா சொன்னபோது அவர் முகத்தில் அத்தனை பெருமை. நான் கிராம சுகாதாரச் செவிலியராகி அப்போது 11 வருஷம் ஆகியிருந்தது. பிள்ளையை வாங்கி எடை பார்த்தேன். 10 கிலோ 200. நல்ல எடைதான். அட்டையில் புள்ளி வைத்துவிட்டு அடுத்த வீட்டுக்குக் கிளம்பியிருப்பேன். என்னை நிறுத்தியது ஒரே ஒரு விஷயம். அவன் அழவில்லை.

எங்கள் பகுதியில் என் நீலப் பையைக் கண்டாலே பிள்ளைகள் அலறும். ஊசி போடுகிறவள் என்று ஒரு வயதுக் குழந்தைக்குக்கூடத் தெரியும். இவன் என் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டு அப்படியே கிடந்தான். உள்ளங்கையை விரித்து என் கையோடு சேர்த்து வைத்துப் பார்த்தேன். ரேகைகூட வெளுத்திருந்தது. கீழ் இமையை விலக்கினால் உள்ளே வடித்த சோறு மாதிரி வெள்ளை. "மண்ணு ஏதாவது தின்றானா?" என்று கேட்டேன். "ஆமா, செவுத்துச் சுண்ணாம்பைச் சுரண்டிச் சுரண்டித் தின்றான், அடிச்சாலும் கேக்க மாட்டேங்கிறான்" என்றாள் மருமகள்.

அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போனோம். ஹீமோகுளோபின் 7.4. இந்த வயதில் 11 இருக்க வேண்டும். ஆயா நிறம் என்று கொண்டாடியது நிறமே இல்லை, சோகை.

அந்த வீட்டில் எதற்கும் குறையில்லை என்பதுதான் எனக்கு அப்புறம் பல நாள் உறுத்தியது. கொட்டகையில் இரண்டு கறவை மாடு. காலையில் சொசைட்டிக்கு ஊற்றுவதற்கு முன்னால் பிள்ளைக்கென்று ஒரு செம்பு தனியாக எடுத்து வைத்துவிடுவார்கள். அஞ்சாம் மாதத்திலிருந்தே பாட்டிலில் பசும்பால். நாளைக்கு ஒரு லிட்டர் வரை போகும். வயிறு நிறைந்திருந்ததால் சோறு ஊட்டினால் துப்புவான். சாயங்காலம் டீயில் நனைத்த பிஸ்கட் இரண்டு. பாசத்தோடுதான் கொடுத்தார்கள். பாலைவிடப் பெரிய சத்து உண்டா என்பது அவர்கள் நம்பிக்கை. ஆனால் ரத்தம் ஊற இரும்பு வேண்டும். ஒரு லிட்டர் பசும்பாலில் இருக்கும் இரும்பு ஏறக்குறைய அரை மில்லிகிராம்தான். அந்தப் பாலிலுள்ள சுண்ணாம்புச் சத்து, மற்ற உணவிலிருந்து வரும் இரும்பையும் உடம்பில் சேர விடாமல் தடுக்கும். ஒரு வயதுக்குள் பசும்பால் கொடுத்தால் சில பிள்ளைகளுக்குக் குடலில் கண்ணுக்குத் தெரியாமல் ரத்தம் கசிவதும் உண்டு. டீயின் துவர்ப்பும் இரும்பை உறிஞ்ச விடாது. முற்றத்தில் கேழ்வரகு மூட்டையாக அடுக்கி இருந்தது. அதில் ஒரு பிடி அந்தப் பிள்ளையின் வாய்க்குப் போகவில்லை.

சரி, என் பங்குக்கு வருகிறேன். ஆறாம் மாதத்தில் அவனுக்கு இரும்புச்சத்து சிரப் கொடுத்தது நான்தான். 50 மில்லி பாட்டில், வாரம் 2 நாள் 1 மில்லி. பதிவேட்டில் 'வழங்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தேன். அந்தப் பாட்டில் எங்கே என்று கேட்டேன். மருமகள் உள்ளே போய், அலமாரியில் விபூதி டப்பாவுக்குப் பின்னாலிருந்து எடுத்து வந்தாள். கையில் வாங்கியதுமே கனம் தெரிந்தது. கழுத்துவரை நிறைந்திருந்தது.

இரண்டே தடவை கொடுத்திருக்கிறார்கள். மலம் கறுப்பாகப் போனதும் பயந்து நிறுத்திவிட்டார்கள். இன்னொன்றையும் அவள், மாமியார் மாட்டுக்குத் தண்ணி காட்டப் போன நேரம் பார்த்து, மெதுவான குரலில் சொன்னாள்: மாசமாக இருந்தபோது நான் கொடுத்த சிவப்பு மாத்திரைகளையும் அவள் விழுங்கவில்லை. "அதைப் போட்டா பிள்ளை கறுப்பாப் பொறக்கும்னாங்கக்கா."

இரும்புக்கும் தோல் நிறத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. மலம் கறுப்பது உடம்பு எடுத்துக்கொண்டது போக மீதி வெளியேறுவதால். அதனால் ஒரு கெடுதலும் இல்லை. இந்த இரண்டு வரியை 8 மாதத்துக்கு முன்னால் பாட்டிலோடு சேர்த்து நான் சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. அன்று தடுப்பூசி நாள், வரிசையில் கூட்டம் நின்றிருந்தது.

அதன் பிறகு வீட்டு ஆட்களிடம் விஷயத்தை முதலிலிருந்து சொல்லப் பழகினேன். வயிற்றில் கடைசி 3 மாதத்தில்தான் தாயின் உடம்பிலிருந்து பிள்ளைக்கு இரும்பு அதிகமாகப் போய்ச் சேர்கிறது. அதை வைத்துக்கொண்டு பிள்ளை ஏறக்குறைய 6 மாதம் ஓட்டும். தாய்ப்பாலில் இரும்பு கொஞ்சம்தான் என்றாலும் அது நன்றாக உடம்பில் ஒட்டும். ஆனால் பிறக்கும்போது 3 கிலோ இருந்த பிள்ளை ஒரு வயதில் 9 கிலோ ஆகிறது. அத்தனை உடம்புக்கும் ரத்தம் ஊற வேண்டும், மூளையும் வேகமாக வளரும் காலம். கையிருப்பு தீர்ந்த பிறகு வெளியிலிருந்து வந்தால்தான் உண்டு. குறைமாதத்தில் பிறந்தது, இரண்டரைக் கிலோவுக்குக் கீழே பிறந்தது என்றால் கையிருப்பே குறைவு. அந்தப் பிள்ளைகளுக்கு ஆறு மாதம் வரை காத்திருக்க முடியாது, டாக்டரைக் கேட்டு 2 மாதத்திலேயே இரும்புச் சொட்டு மருந்து தொடங்க வேண்டும்.

தொப்புள்கொடி வெட்டும் விஷயமும் இதில் இருக்கிறது. நான் பயிற்சி எடுத்த காலத்தில் பிள்ளை வெளியே வந்ததும் சட்டென்று கிளாம்ப் போட்டு வெட்டுவதுதான் கெட்டிக்காரத்தனம். இப்போது குறைந்தது 1 நிமிஷம், முடிந்தால் 3 நிமிஷம் வரை பொறுக்கச் சொல்கிறார்கள். நஞ்சுக்கொடியிலிருந்து அந்த நேரத்தில் இறங்கும் ரத்தம் பிள்ளைக்குப் பல மாதத்துக்கு இரும்பாக உதவும். காசு செலவில்லாத வைத்தியம். பிறந்ததும் அழாமல் மூச்சுக்குத் திணறும் பிள்ளைக்கு மட்டும் வேறு கணக்கு.

சாப்பாட்டைப் பற்றி எனக்கு ஒரு கருத்து உண்டு, அதை எல்லா வீட்டிலும் சொல்கிறேன். "தினமும் முருங்கைக்கீரை கொடுக்கிறேன், பேரீச்சம்பழ சிரப் வாங்கித் தர்றேன், மருந்து எதுக்கு?" என்பவர்கள் நிறையப் பேர். கீரை நல்லதுதான். ஆனால் அதிலுள்ள இரும்பில் கொஞ்சம்தான் உடம்பில் சேரும். பிள்ளை தின்பதோ இரண்டு கரண்டி. பேரீச்சம்பழ சிரப்பில் இனிப்புதான் அதிகம். அரசாங்கம் இலவசமாகத் தரும் சிரப்பில் 1 மில்லிக்கு 20 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. அதை விட்டுவிடாமல் கொடுத்துக்கொண்டு, மேலே சாப்பாட்டைச் சேர்க்க வேண்டும். முளைகட்டிய கேழ்வரகுக் கூழ், பருப்போடு மசித்த கீரையில் இரண்டு சொட்டு எலுமிச்சைச் சாறு, முட்டை, கறி சாப்பிடும் வீடாக இருந்தால் வாரம் ஒருநாள் நன்றாக வேகவைத்து மசித்த கோழி ஈரலோ ஆட்டுச் சுவரொட்டியோ (மண்ணீரல்). புலால் இரும்பு ஒட்டுகிற மாதிரி கீரை இரும்பு ஒட்டாது, எலுமிச்சை அதற்குக் கை கொடுக்கும். ஒரு வயது தாண்டியதும் பூச்சி மாத்திரை, 2 வயது வரை பாதி.

2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 6 மாதம் முதல் 5 வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 100-க்கு 57 பேருக்கு ரத்தசோகை. அதற்கு முந்தைய கணக்கெடுப்பில் 51 பேர். வீட்டுக்கு வீடு நாங்கள் போய்க்கொண்டிருக்கும்போதே கூடியிருக்கிறது. பாட்டில் கொடுத்ததற்குப் பதிவேடு இருக்கிறது, விழுங்கியதற்கு இல்லை. அதனால் இப்போதெல்லாம் ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் பாட்டிலைக் கேட்டு வாங்கிக் கையில் தூக்கிப் பார்க்கிறேன். கனமாக இருந்தால் திட்டுவதில்லை, உட்கார்ந்து கேட்கிறேன். பல் கறுக்கும் என்ற பயமா, கன்னத்தின் உள்பக்கம் விடச் சொல்லிக் காட்டுகிறேன். மறந்துபோகிறதா, தினசரி காலண்டரில் புதனும் சனியும் வட்டம் போட்டுத் தருகிறேன். பாட்டிகளைக் கூட வைத்துக்கொண்டுதான் பேசுகிறேன், மருமகளைத் தனியாக அழைத்துச் சொன்னதெல்லாம் அடுப்படியோடு நின்றுபோனதைப் பார்த்துவிட்டேன்.

அந்தப் பிள்ளைக்கு டாக்டர் தினமும் ஒன்றரை மில்லி சிரப் எழுதிக் கொடுத்தார். பரம்பரையாக வரும் ரத்தநோயான தலசீமியா இல்லை என்று உறுதி செய்யவும் ரத்தம் அனுப்பினார், அந்த நோய் இருந்தால் டாக்டர் சொல்லாமல் இரும்பு கொடுப்பது ஆபத்து. பால் பாட்டிலை நிறுத்தினோம், பால் இரண்டு டம்ளராகக் குறைந்தது, அதுவும் சோறு தின்ற பிறகு. முதல் வாரம் முழுக்க அழுதிருக்கிறான். ஆயா எனக்குப் போன் போட்டு, "பிள்ளையைப் பட்டினி போடச் சொல்றீங்களே" என்று கண் கலங்கினார். பொறுத்துக்கொள்ளுங்கள் ஆயா என்பதைத் தவிர என்னிடமும் பதில் இல்லை. மூன்றாவது வாரம் கூழ்க் கிண்ணத்தை அவனே இழுத்திருக்கிறான். 2 மாதத்தில் ஹீமோகுளோபின் 10.6 வந்தது. உடம்பில் கையிருப்பு நிறைய வேண்டும் என்பதால், 11-ஐத் தாண்டிய பிறகும் 2 மாதம் தொடர்ந்தோம்.

இரண்டாவது முறை அவள் மாசமானபோது பதிவு செய்யப் போயிருந்தேன். பையன் என் பையைக் கண்டதும் வீறிட்டு அழுதுகொண்டே கொட்டகைக்கு ஓடினான். ஆயா உள்ளேயிருந்து ஒரு டம்ளர் எலுமிச்சம்பழத் தண்ணியும் மருமகளுடைய மாத்திரை அட்டையும் எடுத்து வந்து என் முன்னால் வைத்தார். அட்டையில் 9 குழி காலி. "எண்ணிப் பாத்துக்கோங்க நர்ஸம்மா" என்றார். எண்ணிப் பார்த்தேன்.