‘வேண்டும்’ இருந்த இடத்தில் ‘நல்லது’

1983ஆம் ஆண்டுக் கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத்தில் 1287ஆம் விதியின் இரண்டாம் பிரிவு ஒரே ஒரு வாக்கியம். விசுவாசிகள் திருச்சபைக்குக் கொடுத்தவற்றுக்கு நிர்வாகிகள் விசுவாசிகளிடம் கணக்குக் காட்ட வேண்டும்; எந்த முறையில் என்பதை அந்தந்த இடத்துக்கான தனிச்சட்டம் தீர்மானிக்கும். அதைப் பற்றிய என் கட்டுரையில் முதலில் எழுதியது இப்படித்தான். அச்சில் வந்ததோ ‘கணக்குக் காட்டுவது நல்லது’ என்று.

கட்டுரையை முன்கூட்டியே படித்துத் தரும் வயதான சுவாமி (கத்தோலிக்கக் குரு) ஒருவர் சொன்னது இவ்வளவுதான்: “தம்பி, ‘வேணும்’ எண்டு போட்டால் கணக்கில ஏதோ பிழை இருக்கெண்டுதான் சனம் வாசிக்கும். ‘நல்லது’ எண்டு போடும். ஆருக்கும் நோகாது.” “ஓம் சுவாமி” என்று பேனையை எடுத்தாயிற்று. கத்தோலிக்க விசுவாசம், சீர்திருத்தம் என்று ஒரு வருடம் எழுதியதில் மனம் திரும்பத் திரும்பப் போய் நிற்பது அந்த ‘ஓம்’ என்ற இடத்தில்.

அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. யாழ்ப்பாணத்தில் ‘கணக்குக் கேட்கிறான்’ என்றாலே சண்டைக்கு வருகிறான் என்றுதான் பொருள். சைவக் கோவிலோ வேதக் கோவிலோ, அந்தச் சொல் விழுந்தவுடன் ஊர் இரண்டாகும். இலத்தீன் மூலத்திலும் அது வெறும் கட்டளை வடிவம் அல்ல. ‘ரெத்தாந்த்’ என்ற அந்த வினை நம்முடைய வியங்கோளுக்குப் பக்கத்தில் நிற்பது. வியங்கோளுக்கு வாழ்த்தல், வைதல், விதித்தல், வேண்டல் என்று நாலு வேலை. சட்டப் புத்தகத்தில் அது விதித்தல்தான். ஆனால் பூசையில் நாங்கள் கேட்டுப் பழகிய வியங்கோள் ‘ஆண்டவர் உங்களோடு இருப்பாராக’. அந்தக் காதுக்கு ‘கணக்குக் காட்டுவார்களாக’ என்று மொழிபெயர்த்துக் கொடுத்தால் சனம் ஆமென் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போகும். எப்படியும் ஏதோ ஒரு சொல்லைத் தெரிவுசெய்ய வேண்டியதுதான், அதில் மென்மையானதைத் தெரிவுசெய்தோம் என்று சொல்லிக்கொள்ளலாம். மூன்று கிழமை அப்படித்தான் சொல்லிக்கொண்டதும்.

வேறு எதற்கோ 1284ஐப் புரட்டியபோது அந்தச் சமாதானம் கழன்றது. 1287க்கு மூன்று விதி முன்னால் இருக்கிறது அது. வரவு செலவுப் புத்தகங்களை ஒழுங்காக வைத்திரு, ஒவ்வொரு வருட முடிவிலும் நிர்வாக அறிக்கை தயாரி என்று இரண்டாம் பிரிவு கடமைகளை அடுக்குகிறது. மூன்றாம் பிரிவில் வரும் வருடத்துக்கான வரவு செலவுத் திட்டத்தைப் பற்றிப் பேசும்போது தொனி மாறுகிறது: அதைத் தயாரிப்பது ‘மிகவும் பரிந்துரைக்கப்படுகிறது’. ஆக, ‘நல்லது’ என்று சொல்ல வேண்டிய இடத்தில் அப்படிச் சொல்ல இந்தச் சட்டத்துக்குத் தெரியும். திட்டத்துக்குச் சொன்னது, விசுவாசிகளுக்குக் காட்டும் கணக்குக்குச் சொல்லவில்லை. நாங்கள் செய்தது மென்மையாக்கல் அல்ல, 1284இன் சொல்லைத் தூக்கி 1287இல் ஒட்டியது. அதற்குப் பணிவு என்று பெயர் வைக்க முடியாது.

இதே வகைக் குழப்பம் 536க்கும் 537க்கும் நடுவிலும் உண்டு. பங்கு என்பது ஒரு கோவிலைச் சேர்ந்த விசுவாசிகளின் சமூகம். அதன் மேய்ப்புப்பணிச் சபையை ஆயர் உகந்தது என்று கண்டால் அமைக்கலாம்; அதற்கு ஆலோசனைக் குரல் மட்டும். நிதிக்குழு அப்படியல்ல, ஒவ்வொரு பங்கிலும் இருந்தாக வேண்டும். நடைமுறையில் ‘பங்குச் சபை’ என்ற ஒரே பெயருக்குள் இரண்டும் கரைந்துவிடும்போது, கட்டாயமானது எது என்பதே மறந்துபோகிறது. உலக ஆயர் மாமன்றத்தின் 2024 ஒக்டோபர் இறுதி ஆவணம் இந்தப் பங்கேற்பு அமைப்புகள் எல்லாவற்றையும் கட்டாயமாக்கக் கேட்டிருக்கிறது. இதை எழுதியபோது யாருக்கும் நோகவில்லை. எந்தப் பங்கையும் சுட்டாத விளக்கம்தானே.

நோவது திருநாள் கணக்கில். கொடியேற்றம், ஒன்பது நாள் நவநாள், வேஸ்பர் என்ற மாலை வழிபாடு, திருநாள் பூசை, சொரூபப் பவனி: இத்தனைக்கும் சோடனை, மின்குமிழ், ஒலிபெருக்கி, வாணம் என்று காசு ஓடுகிறது. குடும்பத்துக்கு இவ்வளவு என்று வட்டார வாரியாகச் சேர்ப்பது ஒரு கை. கனடாவிலும் பிரான்சிலும் இருந்து உறவினர் ஊடாக வருவது இன்னொரு கை. இரண்டாவதில்தான் சிக்கல். ‘கெபி கட்ட’ (சொரூபம் வைக்கும் குகை), ‘மணிக்கு’ என்று நோக்கம் சொல்லி அனுப்புகிறார்கள். அந்த நோக்கம் தொலைபேசியில் சொல்லப்படுகிறது, பற்றுச்சீட்டில் ஏறுவதில்லை. மிஞ்சியது ஒலிபெருக்கிக்குப் போனால் ஒருவரும் களவெடுக்கவில்லை, ஆனாலும் நோக்கம் குறித்துக் கொடுத்த காசு அந்த நோக்கத்துக்கே போக வேண்டும் என்ற 1267இன் மூன்றாம் பிரிவு மீறப்பட்டாயிற்று. திருநாள் முடிந்த ஞாயிறு ‘வரவு இவ்வளவு, செலவு இவ்வளவு, கையிருப்பு இவ்வளவு’ என்று மூன்று தொகையை வாசித்தால் இது தெரியவே தெரியாது. நோக்கம் குறித்த காசுக்குத் தனிப் பத்தி, போன வருட மீதி, சிட்டை இலக்கம், வங்கிப் புத்தகத்தோடு ஒத்துப்போகும் கடைசி வரி. இவ்வளவும் இருந்தால் ஒரு பக்கம்தான் வரும்.

உரோமையைப் பற்றி எழுதும்போது ஒருவரும் ‘நல்லது’ கேட்கவில்லை. 2021 ஜனவரியில் 230ஆம் விதியிலிருந்து ‘ஆண்’ என்ற சொல் எடுபட, வாசகர், பீடத்துணைவர் பணிகள் பெண்களுக்கும் முறைப்படி திறந்தன. பெண்கள் பற்றிய மாமன்ற ஆவணப் பந்தி 258 வாக்குப் பெற்றாலும் அதை எதிர்த்து 97 விழுந்தன. அந்த ஆவணத்தில் மிகக் கூடிய எதிர்ப்பு அதற்குத்தான். இதையெல்லாம் ‘வேண்டும்’, ‘கூடாது’ என்று தாராளமாக எழுத முடிந்தது. வத்திக்கான் தூரத்தில் இருக்கிறது, வட்டாரம் மதிலுக்கு அங்கால்.

‘சீர்திருத்தம்’ என்ற சொல்லை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை என்று ஒரு ஆறுதல். 1816இல் அமெரிக்க மிசனரிமார் வந்திறங்கிய மண்ணில் அது புரட்டஸ்தாந்துச் சொல், ‘புதுப்பித்தல்’ என்று போடுங்கள் என்றார்கள். 1964இல் வந்த கிறிஸ்தவ ஒன்றிப்பு பற்றிய இரண்டாம் வத்திக்கான் சங்க ஏட்டின் 6ஆம் பந்தியே, பயணத்தில் இருக்கும் திருச்சபை இடையறாத சீர்திருத்தத்துக்கு அழைக்கப்படுகிறது என்கிறதே என்று வாதாடி வெல்ல முடிந்தது. செலவில்லாத வெற்றி. ஒருவருடைய பெட்டகத்தையும் அது திறக்கச் சொல்லவில்லை.

இனி வருவது இந்தக் கட்டுரையின் வாதத்துக்கே ஒத்துவராது. ‘நல்லது’ என்று வந்த பிறகு ஒரு பங்கில் திருநாள் கணக்கைப் பிரித்து எழுதிக் கோவில் வாசலில் ஒட்டினார்கள். “பாத்தீரே தம்பி” என்றார் சுவாமி. ‘வேண்டும்’ என்று போட்டிருந்தால் ஒட்டியிருப்பார்களா? ஒட்டியிருக்க மாட்டார்கள் என்றுதான் படுகிறது. போய்ப் பார்த்தால், சோடனைக்கும் வாணத்துக்கும் சதம் வரை கணக்கு இருக்கிறது. கெபிக்கென்று கனடாவிலிருந்து வந்த காசு ‘ஏனைய வரவு’ என்ற வரிக்குள் போய்விட்டது. விதியை விதியாகவே எழுதியிருந்தால் அந்தத் தனிப் பத்தி வந்திருக்குமோ, அல்லது தாளே வந்திராதோ.

1267 பற்றிய கட்டுரை பாதியில் கிடக்கிறது. அதில் ‘மட்டுமே’ என்று ஒரு சொல் வருகிறது: கொடுத்த நோக்கத்துக்கு மட்டுமே. வழக்கம்போலச் சுவாமியிடம் கொண்டுபோவதா, அவருக்குக் காட்டாமல் அனுப்புவதா என்பதில்தான் அது நிற்கிறது.