நீல லினனும் ஒரு சின்ன ஸ்வெட்டரும்

மார்ச் 3, திங்கள்

அலமாரியில் இரண்டு வருடமாக மடித்தே வைத்திருந்த நீல லினனை இன்று எடுத்துவிட்டேன். வெட்டினால் வீணாகிவிடுமோ என்ற பயம்தான் இத்தனை நாளும். வெளிச்சத்தில் விரித்தால் அது ஒரே நீலமில்லை. நீளவாக்கில் ஓடும் பாவு நூல் கருநீலம், குறுக்கே ஓடும் ஊடை வெளிர்நீலம். துணியை அசைத்தால் நிறம் மாறுகிறது. இதில் ஒரு ஸ்கர்ட், மீதியில் ஒரு குஷன் உறை.

முதல் வேலை, நனைப்பது. 250 செ.மீ. துணி துவைத்துக் காய்ந்ததும் 238 ஆகிவிட்டது. அப்படியே தைத்திருந்தால் 70 செ.மீ. ஸ்கர்ட் முதல் சலவையிலேயே மூன்று செ.மீ.க்கு மேல் ஏறியிருக்கும்.

மார்ச் 5, புதன்

அக்கா மகளுக்கு ஸ்வெட்டர். சுற்றளவு 66 செ.மீ. வரவேண்டும். டிசைனில் 10 செ.மீ.க்கு 22 கண்ணி (பின்னலில் ஒவ்வொரு நூல் வளையமும் ஒரு கண்ணி) என்று இருக்கிறது. ஒரு சதுரம் பின்னி அளந்தேன், 24 வந்தது. இரண்டு கண்ணிதானே என்று விட்டால், 145 கண்ணி போட்ட பிறகு 60 செ.மீ.தான் கிடைக்கும். குழந்தைக்கு மூச்சு முட்டும்.

4 மி.மீ. ஊசியை வைத்துவிட்டு 4.5 எடுத்தேன். இந்த முறை சதுரத்தைப் பெரிதாகப் பின்னி, நனைத்து, காயவைத்து, நடுவில் மட்டும் அளந்தேன். ஓரத்துக் கண்ணிகள் சுருண்டு நிற்கும், அவற்றை நம்ப முடியாது. 22. சரி, தொடங்கலாம்.

மார்ச் 9, ஞாயிறு

ஸ்கர்ட்டை கிராஸில் வெட்டுவது என்று முடிவு. கரைக்கு 45 டிகிரி சாய்வாக வெட்டினால், நீளவே நீளாத துணியும் இழுத்தால் கொடுக்கும். உடம்போடு ஒட்டி, கீழே அலை அலையாக விழும். 1920களில் பாரிஸில் ஆடை வடிவமைப்பாளர் மேடலின் வியோனே இந்த வெட்டில்தான் பெயர் பெற்றார். அவரும் முதலில் ஒரு சிறிய மரப் பொம்மையின் மேல் துணியைச் சுற்றிப் பார்த்துத்தான் முடிவு செய்வாராம். எனக்கு அந்த வழக்கம் மிகவும் பிடிக்கும். நான் ஒரு பழைய பெட்ஷீட்டில் வெட்டி, டாக்கா (பிறகு பிரித்துவிடும் நீளத் தையல்) போட்டு உடுத்திப் பார்த்தேன். இடுப்பில் ஒரு செ.மீ. அதிகம். அது பெட்ஷீட்டிலேயே தெரிந்துவிட்டது நிம்மதி.

அப்புறம்தான் லினனில் கத்தரி வைத்தேன். முதல் வெட்டின் அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

மார்ச் 10, திங்கள்

மெஷினில் அடிப்பக்கம் நூல் வளையம் வளையமாக வந்தது. அடியில் சிக்கல் என்றால் கை உடனே கீழ் நூல் சுற்றிய பாபினுக்குத்தான் போகும். ஆனால் பெரும்பாலும் கோளாறு மேல் நூலில் இருக்கும். மேல் நூலும் கீழ் நூலும் துணியின் நடுவில் கோத்துக்கொள்வதுதானே தையல்! 1846ல் எலையஸ் ஹோவ் காப்புரிமை பெற்ற மெஷினிலும் இதே முறைதான்: காது ஊசியின் முனைப்பக்கம், அடியில் இன்னொரு நூல். நான் துணியை அழுத்திப் பிடிக்கும் ஃபுட்டை இறக்கி வைத்துக்கொண்டே நூல் கோத்திருந்தேன். அப்போது மேல் நூலை இழுத்துப் பிடிக்கும் டென்ஷன் தட்டுகள் இறுகியிருக்கும், நூல் உள்ளே போய் உட்காராது. ஃபுட்டைத் தூக்கி மறுபடி கோத்ததும் தையல் முத்து முத்தாக வந்தது.

மார்ச் 12, புதன்

ஸ்கர்ட்டை ஒன்றரை நாள் ஹேங்கரில் தொங்கவிட்டிருந்தேன். கிராஸ் துணி தன் எடையிலேயே இறங்கும். இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட 2 செ.மீ. இறங்கியிருந்தது. தரையிலிருந்து ஸ்கேல் வைத்துச் சுற்றிலும் சாக்பீஸால் குறித்து, சமமாக வெட்டி, கையாலேயே ஹெம்மிங் செய்தேன். மெஷின் வேகமாக முடித்திருக்கும். ஆனால் இந்த நீலத்தின் மேல் ஒரு நூல்கூட வெளியே தெரியக்கூடாது என்று ஆசை.

மார்ச் 16, ஞாயிறு

குஷன் உறை முடிந்தது. ஜிப் இல்லை; பின்பக்கம் இரண்டு துண்டு, ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும்.

மார்ச் 30, ஞாயிறு

ஸ்வெட்டரைப் போட்டுப் பார்க்க அக்கா மகள் வந்தாள். உடம்பும் கையும் அளவெடுத்த மாதிரி இருந்திருக்கும், ஆனால் தலை ஸ்வெட்டரின் கழுத்திலேயே நின்றுவிட்டது. "சித்தி, இருட்டா இருக்கு!" என்று உள்ளிருந்து குரல். கழுத்தின் கடைசி வரிசைக் கண்ணிகளை நான் இறுக்கி முடித்திருந்தேன்.

அவள் மடியருகில் உட்கார்ந்து நூலைச் சுருட்ட, நான் அந்த ஒரு வரிசையை மட்டும் பிரித்தேன். முடிப்பதற்கு மட்டும் 5 மி.மீ. ஊசி எடுத்து, தளர்த்தி முடித்தேன். இப்போது தலை நுழைகிறது. கழற்ற மறுக்கிறாள்.